ஒரே புகார், நான்கு கோளாறுகள்: பழைய பத்து கியர் சைக்கிள் ஒன்றின் ஆய்வு

வண்டி 1970களின் பாணியில் செய்யப்பட்ட பத்து கியர் சைக்கிள். இரும்புச் சட்டம். முன்னால் 52, 40 பற்கள் கொண்ட இரண்டு பல்சக்கரங்கள். பின்னால் 14, 17, 20, 24, 28 பற்கள் என்று ஐந்து அடுக்கு ஃப்ரீவீல், அதாவது மிதிக்காதபோது சக்கரத்தைத் தானாகச் சுற்றவிடும் பல்சக்கரத் தொகுதி. கிராங்குகள், அதாவது பெடலைத் தாங்கும் கைகள், காட்டர் என்ற ஆப்பு ஆணியை அடித்து நடு அச்சில் இறுக்கப்பட்டவை. கியர் லீவர்கள் சாய்வுக் குழாயில் இருக்கின்றன. அவற்றில் இன்றைய வண்டிகளின் ‘கிளிக்’ கிடையாது, லீவர் உராய்வில்தான் நிற்கும். நீண்ட காலம் ஓடாமல் கிடந்த வண்டியைச் சுத்தம் செய்து மறுபடி ஓட்ட ஆரம்பித்திருக்கிறார்கள்.

சொந்தக்காரர் சொன்ன புகார் ஒரே வரி: “அழுத்தி மிதிச்சா ஸ்லிப் ஆகுதுங்க.” செயின் தேய்ந்துவிட்டது என்று யாரோ சொல்லப் புதுச் செயின் போட்டிருக்கிறார். அதற்கப்புறம் நிலைமை இன்னும் மோசம். இப்போது ஃப்ரீவீல் உள்ளே போய்விட்டது என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். நல்ல வேளையாக, கழற்றிய பழைய செயினைத் தூக்கி எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். இந்த ஆய்வில் பாதி வேலையை அந்தப் பழைய செயின்தான் செய்தது.

பழைய வண்டியில் கோளாறுகள் தனித்தனியாக வருவதில்லை. வருடக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, கடைசியில் ஒரே பெயரில் வெளியே வரும். ‘ஸ்லிப்’ என்ற புகாரை ஒரே கோளாறாக எடுத்துக்கொண்டு ஒரு பாகத்தை மாற்றினால், அந்தப் பாகம் உண்மையிலேயே கெட்டுப்போனதாக இருந்தாலும்கூடப் புகார் அப்படியே இருக்கும். பிறகு அடுத்த பாகம், அதற்கடுத்தது. இந்த வண்டி அந்தப் பாதையில் ஏற்கெனவே ஓர் அடி வைத்துவிட்டது. அதனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் புகாரைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

கேள்விகள்

நான் கேட்டவை மூன்று. ஸ்லிப் ஆகும்போது கால் திடீரென்று வெறுமையில் இறங்குகிறதா, அல்லது பாதத்தில் ஒரு தட்டு மட்டும் விழுகிறதா? மெதுவாகப் போகும்போதும் வருகிறதா, அழுத்தினால்தானா? ஸ்லிப் ஆன உடனே பின்னால் குனிந்து பார்த்தால் செயின் அதே பல்சக்கரத்தில்தான் இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. யாருமே அதைக் கவனிப்பதில்லை. சரி, ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். ஆளில்லாத சமமான பாதையில் மெதுவாகவும், அப்புறம் சின்ன மேட்டில் எழுந்து நின்று அழுத்தியும் ஓட்டினார். திரும்பி வந்தபோது ஒரு புகார் நான்காகப் பிரிந்திருந்தது.

முதலாவது, 17, 20 பல் சக்கரங்களில் அழுத்தும்போது கால் சட்டென்று இறங்கி ‘டக்’ என்று நிற்கிறது. முன்னால் 40-இல் போட்டிருந்தால் அது அதிகம். இரண்டாவது, ஒவ்வொரு மிதி சுற்றுக்கும் ஒரு தட்டு, இடது காலில். மூன்றாவது, எந்தச் சுமையும் இல்லாமலே அவ்வப்போது ஒரு சின்னத் துள்ளல். நான்காவது, எழுந்து நின்று மிதித்தபோது ஸ்லிப் ஆனது, குனிந்து பார்த்தால் செயின் 24-இலிருந்து 20-க்கு இறங்கியிருந்தது. இந்த நான்காவதைக் கேட்டதும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு லீவரைப் பார்க்கப் போனேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

தாளத்தை எண்ணுவது

சைக்கிளின் சுழலும் பாகங்கள் எல்லாம் வெவ்வேறு வேகத்தில் சுற்றுகின்றன. அந்த வேகங்களின் விகிதத்தைப் பற்களை எண்ணியே கண்டுபிடித்துவிடலாம். ஒரு சத்தமோ துள்ளலோ எத்தனை மிதி சுற்றுக்கு ஒருமுறை வருகிறது என்று எண்ணினால், எந்தப் பாகம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஆனாலும் இதைச் செய்பவர்கள் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இந்த வண்டியின் கணக்கு இது. செயினில் 110 கண்ணிகள். முன்னால் 52-இல் ஓடும்போது ஒரு மிதி சுற்றுக்கு 52 கண்ணிகள் நகரும். அப்படியானால் செயின் முழுசாக ஒருமுறை சுற்றிவர 110-ஐ 52-ஆல் வகுத்தால், ஏறக்குறைய 2.1 மிதி சுற்று. 40-இல் ஓடினால் 2.75. பின்னால் 20-இல் இருந்தால், 52-ஐ 20-ஆல் வகுக்க, ஒரு மிதி சுற்றுக்குப் பின் பல்சக்கரம் 2.6 முறை சுற்றும். ஆக, மிதியைவிட வேகமாக வரும் தட்டு பின்பக்கத்திலிருந்து வருகிறது. மிதிக்குச் சரியாக ஒருமுறை வந்தால் பெடல், கிராங்க், காட்டர், நடு அச்சு, முன் பல்சக்கரம் இவற்றில் ஒன்று. இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை வந்தால் செயின். தாளமே இல்லாமல் சுமைக்கு மட்டும் வந்தால் பற்களின் பிடிப்போ, மிதிக்கும்போது சக்கரத்தைப் பிடித்துச் சுற்றவைக்கும் ஃப்ரீவீலின் உள்கொக்கிகளோ.

எண்ணும்போது ஒரு சின்ன வசதி செய்துகொள்ளலாம். செயினில் ஒரு கண்ணிக்குச் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோடு முன் பல்சக்கரத்தின் மேலே வரும் நேரமும் துள்ளலும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. முன் பல்சக்கரத்தை 52-இலிருந்து 40-க்கு மாற்றினால் துள்ளலின் இடைவெளியும் 2.1-இலிருந்து 2.75-க்கு நீள வேண்டும். நீண்டால் அது செயின்தான், வேறு எதுவும் இல்லை.

இங்கே நீண்டது. மூன்றாவது புகார் அதோடு தீர்ந்தது. மிதியைக் கையால் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றி, செயினைப் பின் பல்சக்கரங்களுக்கிடையே தள்ளும் கியர் மாற்றியின் சின்ன உருளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். சாக்பீஸ் கோட்டுக்கு நான்கைந்து கண்ணி தள்ளி, ஓர் இணைப்பு உருளையைத் தாண்டியதும் நேராகாமல் முழங்கை மாதிரி மடங்கியே வந்தது. கியர் மாற்றியின் கை அந்த இடத்தில் ஒரு குதி குதித்தது. புதுச் செயினைக் கோர்க்கும்போது ரிவெட்டை அழுத்திய இடம் அது. பக்கத் தகடுகள் ஒன்றையொன்று நெருக்கிவிட்டன. இந்தப் பழைய அகலமான செயினில் இதற்குப் பெரிய வைத்தியம் தேவையில்லை. அந்த இணைப்பின் இருபுறமும் கட்டைவிரல்களை வைத்துப் பக்கவாட்டில் இரண்டு பக்கமும் லேசாக வளைத்தால் தகடுகள் விலகிக்கொடுக்கும். விலகின. ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான்.

பிரேக்கைப் பிடித்து அழுத்துவது

தாளம் இல்லாத ஸ்லிப்புக்கு வேறு வழி வேண்டும். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்துச் சுற்றினால் எதுவும் தெரியாது. சுமை இல்லையென்றால் இந்தக் கோளாறு வெளியே வராது. பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

முன் டயரைச் சுவரில் முட்டவைத்து, பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, ஒரு கிராங்கைக் கிடைமட்டமாக முன்னால் வைத்துப் பெடலின்மேல் மெதுவாக எடையை ஏற்ற வேண்டும். பக்கத்தில் ஒருவர் குனிந்து பார்க்க வேண்டும். மிதித்த அசைவு எந்த இடத்தில் தொலைகிறது என்பதுதான் கேள்வி. கிராங்க் அசைந்து முன் பல்சக்கரம் அசையவில்லை என்றால் நடு அச்சுப் பக்கம் கோளாறு. செயின் நகர்ந்து பின் பல்சக்கரம் அசையவில்லை என்றால் பற்களில். பல்சக்கரமும் சுற்றி, சக்கரத்தின் நடுப்பகுதி மட்டும் நின்றால் ஃப்ரீவீலின் கொக்கிகள் பிடிக்கவில்லை.

அவரைப் பிரேக்கைப் பிடித்து அழுத்தச் சொல்லிவிட்டு நான் குனிந்தேன். 17-இல் மேல்பக்கச் செயின் விறைத்தது. பல்சக்கரத்தின் அடிப்பக்கம் இருந்த ரோலர்கள், அதாவது பற்களுக்கு நடுவே உட்காரும் செயினின் சின்ன உருளைகள், பள்ளத்தில் முழுசாக இறங்காமல் பற்களின் ஓரத்திலேயே தொங்கி நின்றன. மேலே இருந்த மூன்று நான்கு பற்கள்தான் எடையைத் தாங்கின. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் அந்த ரோலர்கள் பல்லின் சரிவில் மெல்ல ஏறி, நுனியைத் தொட்டு, மொத்தச் செயினும் ஒரு பல் தாண்டி விழுந்தது. பல்சக்கரம் துளிகூட அசையவில்லை. 20-இலும் இதேதான். 24, 28 இரண்டிலும் ரோலர்கள் அடிவரை இறங்கி, எவ்வளவு அழுத்தியும் அப்படியே நின்றன.

ஃப்ரீவீல் உள்ளே போய்விட்டது என்ற சந்தேகம் இதோடு விலகியது. நெடுநாள் ஓடாத வண்டியில் அந்தச் சந்தேகம் நியாயமானதுதான் என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளே கிரீஸ் காய்ந்து கெட்டியானால் கொக்கிகள் ஒட்டிக்கொண்டு எழும்பாது. மிதி காற்றில் சுற்றுவதுபோல ஆகும். ஆனால் அப்படியானால் பல்சக்கரமும் சேர்ந்து சுற்றும். இங்கே அது கல் போல நின்றது. சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் கேட்டபோதும் ‘டிக் டிக்’ சத்தம் ஒரே சீராக வந்தது.

பழைய செயின் சொன்னது

டப்பாவில் இருந்த செயினை மண்ணெண்ணெயில் கழுவி, ஆணியில் தொங்கவிட்டு அளந்தேன். சைக்கிள் செயினில் ஒரு கண்ணியின் நீளம் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம், 304.8 மி.மீ. இருக்க வேண்டும். பழைய செயினில் 24 கண்ணிகள் 307.5 மி.மீ. வந்தன. 2.7 மி.மீ. கூடுதல், ஏறக்குறைய 0.9 சதவீதம். 0.5 சதவீதத்தைத் தாண்டும்போதே செயினை மாற்றிவிட்டால் பின் பற்கள் தப்பிக்கும் என்பது பொதுவான கணக்கு. 1 சதவீதத்தை நெருங்கிய செயின் ஏற்கெனவே பற்களைத் தன் அளவுக்குத் தேய்த்திருக்கும்.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோம். தகடு எதுவும் இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் ரிவெட்டும் அதைச் சுற்றியிருக்கும் பகுதியும் தேய்ந்து இடைவெளி கூடுகிறது. 110 கண்ணிகளுக்கும் சேர்த்தால் அது சுமார் 12 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு கண்ணியின் நீளம். இதனால்தான் புதுச் செயினை வெட்டும்போது பழையதை அருகில் நீட்டி வைத்து ஒப்பிட்டு வெட்டக்கூடாது, கண்ணிகளை எண்ணித்தான் வெட்ட வேண்டும். இந்த வண்டியில் எண்ணித்தான் வெட்டியிருந்தார்கள், அது சரியாகவே இருந்தது.

நீண்ட செயின் தேய்ந்த பற்களில் ஸ்லிப் ஆகாமல் ஓடும். இரண்டும் சேர்ந்து தேய்ந்ததால் ஒன்றுக்கொன்று பொருந்திப்போயிருக்கும். அதில் 12.7 மி.மீ. அளவு சுத்தமாக இருக்கும் புதுச் செயினைப் போட்டால், கொக்கி போல உள்வாங்கிய பற்களுக்குள் ரோலர் இறங்க முடியாது. புதுச் செயின் போட்ட பிறகு நிலைமை மோசமானதற்கு இதுதான் காரணம். செயின் கெட்டுப்போயிருந்தது என்ற முதல் கணிப்பு சரி. அது மட்டும்தான் கெட்டது என்று நிறுத்தியதுதான் தவறு.

40 பல் முன்சக்கரத்தில் ஸ்லிப் அதிகம் என்பதால் அதுவும் தேய்ந்திருக்கும் என்று சொந்தக்காரர் நினைத்தார். இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நல்ல முன்சக்கரங்கள் இப்படித்தான் வீணாக மாற்றப்படுகின்றன. 170 மி.மீ. கிராங்கில் 50 கிலோ எடையை ஏற்றுகிறோம் என்று வையுங்கள். 52 பல் சக்கரத்தின் ஆரம் ஏறக்குறைய 105 மி.மீ. அதில் செயின் மீது விழும் இழுவை 81 கிலோ. 40 பல் சக்கரத்தின் ஆரம் சுமார் 81 மி.மீ. தான். அதே கால், அதே எடை, ஆனால் செயினின் இழுவை 105 கிலோ. கிட்டத்தட்ட 30 சதவீதம் அதிகம். முன்சக்கரம் சிறிதாக ஆக, பின் பற்களின் மேல் இழுவை கூடுகிறது. பிடிப்பு விட்டது பின்னால்தான். அதை வெளிக்கொண்டு வந்தது மட்டுமே முன்னால் இருந்த 40. பிரேக் சோதனையை 40-இலும் செய்தபோது முன் பற்களில் செயின் அடிவரை உட்கார்ந்தே இருந்தது.

கண்ணால் பார்த்தே பின் பற்களின் தேய்மானத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முன்சக்கரம் தேய்ந்தால் சுறாவின் துடுப்பு மாதிரி சாய்ந்து காட்டிக்கொடுக்கும். பின்னால் அப்படியில்லை. கழற்றிய ஃப்ரீவீலில் 17-ஐயும் 24-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் உருவத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 17-இன் ஒவ்வொரு பல்லிலும் இழுவை விழும் பக்கத்தில் ஒரு மெல்லிய பளபளப்பும், அதன் ஓரத்தில் நகத்தில் சிக்கும் அளவுக்கு ஒரு பிசிறும் இருந்தன. அவ்வளவுதான் அடையாளம். புதுச் செயினைப் போட்டு எடையை ஏற்றுவதே நம்பகமான சோதனை.

இடது காலின் தட்டு

மிதிக்கு ஒருமுறை வரும் தட்டு. எழுந்து நின்று மிதித்தாலும் வந்ததால் சீட் காரணமில்லை. வலது காலால் மட்டும் மிதித்தால் இல்லை, இடது காலால் மட்டும் மிதித்தால் உண்டு. இடது பெடலின் பேரிங் என்று முடிவு கட்ட மனம் வரும். ஆனால் காட்டர் கிராங்கில் ஒரு விஷயம் உண்டு. இந்த மாதிரி வண்டிகளில் முன் பல்சக்கரம் வலது கிராங்கோடு நேரடியாகச் சேர்ந்திருக்கும். வலது காலின் திருகல் காட்டர் எதையும் தொடாமலே செயினுக்குப் போய்விடும். இடது காலின் பலம் மட்டும் இடது காட்டர், நடு அச்சு, வலது காட்டர் என்று மூன்றையும் கடந்து போக வேண்டும். அதனால் எந்தப் பக்கக் காட்டர் தளர்ந்தாலும் தட்டு விழுவது பெரும்பாலும் இடது காலில்தான்.

சோதிக்க, கிராங்குகளைக் கிடைமட்டமாக வைத்து இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கீழே அழுத்த வேண்டும். அப்புறம் அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி அழுத்த வேண்டும். காட்டர் தளர்ந்திருந்தால் அழுத்தும் திசை மாறும்போது ஒரு சின்ன விட்டுக்கொடுப்பு கையில் தெரியும். பெடலை விட்டுவிட்டுக் கிராங்கின் நுனியையே பிடித்து அழுத்தினோம், பெடல் மீதான சந்தேகத்தையும் சேர்த்து விலக்குவதற்காக. விட்டுக்கொடுப்பு இருந்தது. கூர்ந்து பார்த்தால் இடது கிராங்குக்கும் அச்சுக்கும் நடுவே அழுக்கு எண்ணெயின் மெல்லிய கோடு ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிதுங்கி உள்ளே போனது.

காட்டரைக் கழற்றும்போது நட்டைத் தளர்த்தி மரையின் நுனியோடு சமமாக வைத்துக்கொண்டு, கிராங்குக்கு அடியில் கனமான ஒரு குழாயை முட்டுக்கொடுத்து அடிக்க வேண்டும். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் நடு அச்சின் பால்ஸில் போய் இறங்கி, கப்பில் பள்ளம் விழும். வெளியே வந்த காட்டரின் தட்டை முகத்தில் நடுவே ஒரு படி விழுந்திருந்தது, அச்சின் விளிம்பு அங்கே கடித்திருக்கிறது. வலது பக்கக் காட்டர் நன்றாக இருந்தது. இருந்தாலும் ஜோடியாகவே மாற்றினோம். இரண்டின் சரிவும் ஒன்றாக இல்லாவிட்டால் கிராங்குகள் நேர்கோட்டில் நிற்காது.

விட்டம் அளந்துதான் வாங்க வேண்டும், 9.5 மி.மீ.யும் உண்டு, 9 மி.மீ.யும் உண்டு. புதுக் காட்டரின் முகத்தை அச்சில் வைத்துப் பார்த்து, எங்கே படுகிறதோ அங்கே அரம் போட்டு, முழு முகமும் படியும்வரை தேய்க்க வேண்டும். கிராங்குகள் கிடைமட்டமாக இருக்கும்போது ஒரு பக்கத்து நட் மேலே பார்த்தால் மறுபக்கத்து நட் கீழே பார்க்க வேண்டும். நட்டை முறுக்கிக் காட்டரை உள்ளே இழுக்கப் பார்த்தால் மரைதான் போகும். அடித்து இறக்கி, அப்புறம் நட்டைப் பிடிக்க வேண்டும்.

லீவர்

நான்காவது புகார், எழுந்து மிதிக்கும்போது தானாகக் கியர் மாறுவது. உராய்வில் நிற்கும் லீவரைப் பிடித்து வைத்திருப்பது அதன் பக்கத்துத் திருகு மட்டும்தான். பின் கியர் மாற்றியின் ஸ்பிரிங் எப்போதும் செயினைச் சின்னச் சக்கரத்தின் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். திருகு தளர்ந்தால், எழுந்து நின்று மிதிக்கும்போது சட்டம் சற்றே வளைந்து கேபிளை இழுக்க, லீவர் முன்னால் நகர்ந்துவிடும். திருகை இறுக்கினோம். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கேள்வி கேட்காமல் இருந்திருந்தால், ஃப்ரீவீலை மாற்றிய பிறகும் இந்த ஸ்லிப் அப்படியே இருந்து, மாற்றிய வேலையே வீண் என்று தோன்றியிருக்கும்.

ஃப்ரீவீல்

இரண்டு வழிகள் இருந்தன. பழைய செயினையே திரும்பப் போட்டு ஓட்டலாம். பொருந்திப்போன ஜோடி, ஸ்லிப் ஆகாது, கொஞ்ச காலம் ஓடும். பாகம் கிடைக்காத இடத்தில் அது நேர்மையான தீர்வுதான். ஆனால் நீண்ட செயின் நன்றாக இருக்கும் முன்சக்கரங்களையும் தேய்க்க ஆரம்பிக்கும். காட்டர் கிராங்கோடு சேர்ந்த முன்சக்கரம் கிடைப்பது ஃப்ரீவீல் கிடைப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம். அதனால் ஃப்ரீவீலை மாற்றச் சொன்னேன்.

மாற்றுவதற்கு முன் மரையைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. பழைய பிரெஞ்சு வண்டிகளில் 34.7 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. மரையும் இருக்கும். இரண்டும் கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும், முதல் சுற்றுகூட ஏறிவிடும். அங்கே கையால் ஏறாததை ஸ்பேனரால் ஏற்றினால் சக்கரத்தின் நடுப்பகுதியே போய்விடும். இந்த வண்டியில் முதல் வகைதான், புதியது கையாலேயே கடைசிவரை ஏறியது.

பழையதைக் கழற்றுவதுதான் சிரமப்பட்ட வேலை. ஒவ்வொரு மிதியும் ஃப்ரீவீலை இன்னும் இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. கழற்றும் கருவியைப் பின்சக்கர அச்சின் நட்டால் பிடித்து வைத்து, கருவியை வைஸில் கவ்வி, சக்கரத்தையே ஸ்டியரிங் போலப் பிடித்து இடப்பக்கம் திருப்பினோம். முதல் அசைவு வந்ததும் அந்த நட்டைத் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் வெளியே வரும் ஃப்ரீவீல் நட்டை முட்டி அச்சின் மரையைக் கெடுக்கும். புதியதை ஏற்றும்போது மரையில் தாராளமாகக் கிரீஸ் தடவினோம்.

பிறகு அதே பிரேக் சோதனை, ஐந்து சக்கரங்களிலும், முன்னால் 40-இல் வைத்து. எங்கும் ரோலர் ஏறவில்லை. சாலையில் அவர் எழுந்து நின்று மேடு ஏறிப் பார்த்தார், செயின் போட்ட சக்கரத்திலேயே நின்றது. சில நாள் ஓட்டிவிட்டு வந்தபோது இடது காட்டரின் நட் கால் சுற்றுக்கு இடம் கொடுத்தது. புதுக் காட்டர் உட்காரும்போது இது வழக்கம்தான். வலது நட் அசையவில்லை. செயினின் 24 கண்ணிகளை அளந்து 304.8 மி.மீ. என்று வண்டியின் சட்டத்துக்கு அடியில் ஒரு காகிதத் துண்டில் எழுதி ஒட்டிவிட்டேன். 306.3-ஐத் தொடும்போது செயினை மட்டும் மாற்ற வேண்டும்.